காசு குறைவென்றாலும் சிட்னியைப் பார்க்கலாம்

புதிதாகக் குடியேறிய எங்களில் பலர் சிட்னி நகருக்குள் போவதென்றாலே தயங்குகிறோம். வாடகைக்கே காணாத சம்பளத்தில் சுற்றுலாவா என்று எண்ணுகிறோம். ஆனால் திங்கட்கிழமை வகுப்பில் 'எங்கே போனாய்?' என்று கேட்டால், எங்கள் பிள்ளைகளுக்கும் ஒரு பதில் வேண்டுமல்லவா?

சனி, ஞாயிறில் ஓப்பல் அட்டையில் ஒரு நாளைக்கு அறவிடும் உச்சக் கட்டணம், திங்கள் முதல் வியாழன் வரை உள்ளதைவிடக் குறைவு. 15 வயது வரையான பிள்ளைகளுக்கு ஏறத்தாழ அரைவாசி. 4 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு இலவசம். பரமற்றாவிலிருந்து ரயிலில் சேர்குலர் கீ போய், அதே அட்டையில் படகேறித் திரும்பலாம்.

1932இல் திறக்கப்பட்ட துறைமுகப் பாலத்தின் வளைவில் ஏறுவதற்கு ஆளுக்கு நூற்றுக்கணக்கில் டொலர் வேண்டும். கீழே நடைபாதையில் நடப்பதற்கு ஒரு சதமும் வேண்டாம். ஒப்பேரா மாளிகையை வெளியே சுற்றிப் பார்த்துவிட்டு, பக்கத்தில் 1816இல் தொடங்கிய தாவரவியல் பூங்காவின் புல்வெளியில் இருந்து, கட்டிக்கொண்டுபோன புட்டையும் சம்பலையும் சாப்பிடலாம். அதற்கு அப்பால் உள்ள மாநில ஓவியக் கூடத்திலும் பொது அனுமதி இலவசமே.

கடையில் நாங்கள் கட்டும் வரியும் இவற்றின் பராமரிப்புக்குப் போகிறது. ஆகவே விருந்தாளிகளாக அல்ல, உரிமையுள்ளவர்களாகவே போய்வருவோம்.