அடைக்கலம் தந்த ஏலாக்குறிச்சி

தஞ்சாவூரிலிருந்து அரியலூர் போகும் சாலையில், கொள்ளிடம் பாலத்தைத் தாண்டினால் திருமானூர். அங்கிருந்து உள்ளே திரும்பினால், வயல்களுக்கு நடுவே ஏலாக்குறிச்சி. இந்தச் சிற்றூரின் பெயரை ஊர் ஊராகக் கொண்டுபோய்ச் சேர்த்தது இங்குள்ள அடைக்கல மாதா ஆலயம்.

18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தஞ்சைப் பகுதியில் கெடுபிடிக்கு ஆளான கிறிஸ்தவர்கள் ஆற்றைக் கடந்து இங்கே தஞ்சம் புகுந்தார்கள் என்கிறார்கள். அவர்களுக்குத் துணை நின்றவர் இத்தாலியிலிருந்து வந்த பாதிரியார் பெஸ்கி, நம்முடைய வீரமாமுனிவர். ஊருக்குத் 'திருக்காவலூர்' என்று பெயர் சூட்டியவரும் அவரே. 3,615 பாடல்கள் கொண்ட 'தேம்பாவணி'யை இந்த மண்ணோடு சேர்த்தே பேசுகிறார்கள். அரியலூர் மழவராயரின் ராஜபிளவை, இங்குள்ள ஊற்று நீரையும் சேற்றையும் பூசியதில் குணமானது என்பது மக்கள் நம்பிக்கை. இன்று குளத்தின் நடுவே உயர்ந்து நிற்கும் மாதா சிலையைப் பார்க்க எல்லா மதத்தாரும் வருகிறார்கள்.

அடைக்கலம் என்ற சொல் திருநங்கைகளின் வாழ்விலும் பெரிய சொல். வீடு கைவிட்ட பிள்ளையை ஏற்றுக்கொள்வது அவர்களின் ஜமாத். அங்கே குரு உண்டு, அம்மா உண்டு, அக்கா தங்கை உண்டு. அறுவை சிகிச்சைக்குப் பிறகு 40 நாள் பத்தியம் வைத்துப் பார்த்துக்கொள்வதும் அவர்களே. ஆனால் ஜமாத்தில் பிழைக்கும் வழிகள் குறைவு. கடை கேட்பதைத் தாண்டி வேறு வாழ்க்கை வேண்டும் என்று நினைப்பவர், பெற்ற தாயைப் போலப் பார்த்துக்கொண்டவர்களை விட்டுப் பிரிய வேண்டியிருக்கிறது.

திருச்சியில் பிறந்த லிவிங் ஸ்மைல் வித்யா அப்படிப் பிரிந்து வந்தவர். முதுகலை படித்தவர், புனேயில் ஜமாத்தில் சேர்ந்து ரயில்களில் கைநீட்டினார். அறுவை சிகிச்சை முடிந்ததும் தமிழ்நாடு திரும்பி, மதுரையில் வேலையில் சேர்ந்தார். தன் வாழ்க்கையைப் புத்தகமாக எழுதினார். நாடக மேடையேறினார். கிளம்பியதால் ஜமாத் தந்த அன்பு பொய்யாகிவிடவில்லை. அந்த அன்பு தந்த தெம்பில்தான் கிளம்ப முடிந்தது.

வீரமாமுனிவரும் ஏலாக்குறிச்சியிலேயே தங்கிவிடவில்லை. அவர் 1747-ல் கேரளத்து அம்பழக்காட்டில் மறைந்தார். பக்தர்களும் அப்படித்தான். வேண்டிக்கொண்டு, மெழுகுவத்தி ஏற்றிவிட்டு, கடைசிப் பேருந்துக்கு ஓடுகிறார்கள். அவர்களுக்குத் திரும்பிப் போக ஒரு வீடு இருக்கிறது.

ஜமாத்தை விட்டுக் கிளம்பும் திருநங்கைக்கு அந்த வீடு எங்கே? தமிழ்நாடு அரசு 2008-லேயே திருநங்கையருக்கு நலவாரியம் அமைத்தது. 2014-ல் உச்ச நீதிமன்றம் அவர்களின் பாலின அடையாளத்தை அங்கீகரித்தது. அட்டையும் சட்டமும் கையில் இருக்கின்றன. வாடகைக்கு வீடு கேட்டால் கதவைச் சாத்தாத தெருவும், வேலை கேட்டால் உட்கார வைத்துப் பேசும் அலுவலகமும்தான் இன்னும் வேண்டும். அடைக்கலம் தருவது ஒரு ஊரோடு முடிந்துவிடுவதில்லை. அடுத்த ஊரும் கதவைத் திறக்க வேண்டும்.