காத்தலும் மீட்டலும்

வணிகம் செய்வோர் பொருளைக் காப்பதில் காட்டும் அக்கறையைக் கணக்கைக் காப்பதில் காட்டுவதில்லை. கடைக்குப் பூட்டு உண்டு. கிடங்குக்குக் காவலாள் உண்டு. வண்டிக்குக் காப்புறுதி உண்டு. எவரிடமிருந்து எவ்வளவு வரவேண்டும், எவருக்கு எவ்வளவு தரவேண்டும் என்பதைச் சொல்லும் ஏடுகள் மட்டும் ஒரு மூலையில் கிடக்கும். ஏடுகள் கணினிக்குள் புகுந்த பின்னரும் இந்நிலை பெரிதும் மாறவில்லை. காப்பு என்பது யாது என்பதை இழந்த பிறகே பலரும் கற்கின்றனர். அவ்வாறு கற்ற ஒரு மகனும், கணினி வருமுன்பே அதனை அறிந்திருந்த ஒரு தந்தையும் சிலாங்கூர் மாநிலத்தில் வாழ்கின்றனர்.

தந்தை, ரப்பர்த் தோட்டமொன்றில் கிராணியாகப் பணியாற்றி ஓய்வு பெற்றவர். நாள்தோறும் செக்ரோலில் பெயர் குறிப்பதும், மாத முடிவில் கூலிக் கணக்கை முடிப்பதும் அவர் கடமை. கணக்கு எழுதும்போது தாளுக்கு அடியில் கார்பன் தாளை வைத்து எழுதுவார். ஒரு படி தோட்ட அலுவலகத்தில் தங்கும். மற்றொன்று கோலாலம்பூரில் இருந்த தலைமை அலுவலகத்திற்குச் செல்லும். படி கிடைத்தது என்றும், அதன் மொத்தத் தொகை இவ்வளவு என்றும் அங்கிருந்து கடிதம் வரும். அத்தொகையைத் தம் ஏட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே அவர் அம்மாதத்தை முடிந்ததாகக் கொள்வார். ஒருமுறை தோட்டத்து ஏடுகளைக் கறையான் அரித்துவிட்டது. நகரத்துப் படியை வரவழைத்து மூன்றே நாளில் எழுதி முடித்தார். ஒருவருடைய ஒரு நாள் கூலியும் விடுபடவில்லை.

மகன், ஷா ஆலம் நகரின் ஸ்ரீ மூடா வட்டாரத்தில் சரக்கு லாரிகளை ஓட்டும் சிறு நிறுவனம் ஒன்றை நடத்தி வந்தார். சம்பளம், ஊழியர் சேமநிதி, வாடிக்கையாளர் கடன் ஆகிய அனைத்தும் வழங்கி எனப்படும் செர்வர் ஒன்றில் இருந்தன. அதில் இரண்டு வன்தட்டுகள் இருந்தன. ஒன்றில் எழுதப்படுவது அப்போதே மற்றதிலும் எழுதப்படும். இரவுதோறும் வெளித்தட்டு ஒன்றிலும் படி எடுக்கப்பட்டது. அத்தட்டு அதே அறையில், அதே அலமாரியின் கீழ்த்தட்டில் இருந்தது. மூன்று தட்டுகள் இருக்கும்போது கவலை எதற்கு என்று அவர் எண்ணினார்.

2021 டிசம்பர் 18 அன்று அவ்வட்டாரத்தை வெள்ளம் சூழ்ந்தது. வீடுகளின் கீழ்த்தளங்கள் மூழ்கின. மக்கள் கூரைகளின் மேல் நின்று படகுகளுக்குக் காத்திருந்தனர். மூன்று தட்டுகளும் ஒரே சேற்றில் கிடந்தன. கணக்கர் தம் வீட்டில் வைத்திருந்த நான்காவது தட்டு ஒன்று நினைவுக்கு வந்தது. திறந்து பார்த்தபோது, அதில் ஏப்ரல் மாதத்திற்குப் பின் எதுவுமே இல்லை. தட்டு நிரம்பியதால் படியெடுப்பு நின்றுபோயிருந்தது. அதனை எவரும் கவனிக்கவில்லை. வங்கிக் கணக்கறிக்கைகளையும் வாடிக்கையாளர்களிடமிருந்த பற்றுச்சீட்டுகளையும் கொண்டு எட்டு மாதக் கணக்கை மீண்டும் எழுத வேண்டியதாயிற்று. ஓட்டுநர் ஒருவர் தம் சட்டைப்பைக் குறிப்பேட்டைக் கொண்டுவந்து, தாம் செய்த மிகைநேர வேலையைக் காட்டினார். குறிப்பேடு இல்லாதவர்கள் நினைவிலிருந்து சொன்னார்கள். அவர்கள் சொன்னதை நம்புவதைத் தவிர வேறு வழியில்லை. சொல்ல மறந்த கூலி எவ்வளவு என்று அறியவும் வழியில்லை. வருமானவரிச் சட்டப்படி ஏழு ஆண்டுக் கணக்கை வைத்திருக்க வேண்டிய கடமையும் முன்னே நின்றது.

இது சிறு நிறுவனத்தாரின் அறியாமை என்று ஒதுக்கிவிட இயலாது. 2017 ஜனவரி 31 அன்று, மென்பொருள் உலகில் பெயர்பெற்ற கிட்லேப் நிறுவனத்தில், பொறியாளர் ஒருவர் இயங்கிக்கொண்டிருந்த தரவுத்தளத்தைத் தவறுதலாக அழித்துவிட்டார். நாள்தோறும் படி எடுக்கப்படுவதாக நம்பியிருந்த இடத்தில் ஒன்றுமில்லை. படியெடுப்பு தோல்வியுற்றதைச் சொல்ல வேண்டிய மின்னஞ்சல்களும் வந்து சேரவில்லை. வேறொரு தேவைக்காக ஆறு மணி நேரத்திற்கு முன் எடுத்துவைத்திருந்த படி ஒன்றே அவர்களைக் காத்தது. 2025 செப்டம்பர் 26 அன்று, தென்கொரியாவின் டேஜோன் நகரில் அரசின் தகவல் மையம் தீப்பற்றியது. அரசு ஊழியர்கள் தங்கள் கோப்புகளை வைத்திருந்த 858 டெராபைட் சேமிப்பு அழிந்தது. அளவு மிகப் பெரிது என்பதால் அதற்கு வெளியிடத்துப் படி எடுக்கப்படவில்லை.

எனவே, காப்பு முறையைத் தேர்ந்தெடுப்போர் கருவியின் விலையிலிருந்து தொடங்குதல் பொருந்தாது. இரண்டு கேள்விகளிலிருந்து தொடங்குதல் வேண்டும். எத்தனை மணி நேரத்துப் பதிவை இழந்தால் நிறுவனம் தாங்கும்? எத்தனை மணி நேரம் வேலை நின்றால் தாங்கும்? முதற்கேள்வியின் விடை, எவ்வளவு இடைவெளியில் படி எடுப்பது என்பதை முடிவு செய்யும். இரண்டாம் கேள்வியின் விடை, படியை எங்கே வைப்பது என்பதை முடிவு செய்யும். தொலைவிலுள்ள மேகச் சேமிப்பில் 2 டெராபைட் இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் அதனைத் திரும்பப் பெற, இணைப்பு தடையின்றி இயங்கினாலும் ஏறத்தாழ 45 மணி நேரம் ஆகும். ஒரே நாளில் எழுந்து நிற்க வேண்டிய நிறுவனத்திற்கு அது மட்டும் போதாது. அருகிலும் ஒரு படி வேண்டும்.

மூன்று படிகள், இரு வகைச் சாதனங்கள், ஒன்று வெளியிடத்தில் என்பது இத்துறையினர் கைக்கொள்ளும் விதி. இரட்டைத் தட்டு இவ்விதியில் தனிப்படியாகக் கொள்ளப்படாது. ஒரு தட்டு பழுதானால் அது உதவும். கோப்பு ஒன்றைத் தவறுதலாக அழித்தாலோ இரண்டிலும் ஒருங்கே அழியும். பணயப் பணம் கேட்கும் தீநிரல்கள், வழங்கி எட்டக்கூடிய படிகளையும் சேர்த்தே பூட்டிவிடும். ஆதலின் ஒரு படியாவது கழற்றி வைக்கப்பட்ட தட்டிலோ நாடாவிலோ, குறித்த காலம்வரை எவராலும் மாற்றவியலாத சேமிப்பிலோ இருத்தல் வேண்டும். வாரம் ஒருமுறை முழுப்படியும், மற்ற நாள்களில் மாறியவற்றின் படியும் எடுப்பது இடத்தை மிச்சப்படுத்தும். ஆனால், அச்சங்கிலியில் ஒரு கண்ணி அறுந்தால் அதற்குப் பின்னுள்ள நாள்களை மீட்க இயலாது என்பதையும் நினைவிற்கொள்ளல் வேண்டும்.

இவை அனைத்தையும் கேட்டறிந்து, மகன் புதிய ஏற்பாடு ஒன்றைச் செய்தார். வழங்கி மேல்மாடிக்குச் சென்றது. ஒரு படி அலுவலகத்திலும், ஒன்று மேகச் சேமிப்பிலும், கழற்றி வைத்த தட்டொன்று தந்தையின் வீட்டிலும் இடம்பெற்றன. பெருமையோடு அதனை விளக்கியபோது தந்தை கேட்டது ஒரே கேள்வி.

"அனுப்புகிறாய், சரி. எடுத்துப் பார்த்தாயா, தம்பி?"

மகனிடம் விடை இல்லை. நான்காவது தட்டு அவர் கண்முன் நின்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, பழைய கணினி ஒன்றில் ஒரு மாதச் சம்பளக் கணக்கைப் படியிலிருந்து மீட்டார். முதல் முயற்சி தோற்றது. கடவுச்சொல் மூழ்கிப்போன பழைய குறிப்பேட்டில் இருந்தது. அதனைச் சரிசெய்து மறுமுறை மீட்டபோது, மொத்தத் தொகை சரியாக வந்தது. மூன்று மாதத்திற்கு ஒருமுறை இன்றும் அது நடைபெறுகிறது. தொகையை மகன் படிக்க, தந்தை தாளில் எழுதிச் சரிபார்க்கிறார்.

கணக்கு என்பது வெறும் எண்களன்று. பிறர் உழைப்புக்கு ஒருவர் தரும் உறுதிமொழி. அதனைக் காத்தோம் என்று சொல்லும் உரிமை, ஒருமுறையேனும் மீட்டுப் பார்த்தவர்க்கே உண்டு.