பச்சை மூஞ்சி

உங்கள் செல்போனில் ஒரு பச்சை மூஞ்சி இருக்கிறது. பார்த்திருப்பீர்கள். கன்னம் இரண்டும் உப்பி, புருவம் சுருங்கி, கொடைக்கானல் பஸ்ஸில் ஏழெட்டு வளைவு தாண்டியதும் பக்கத்து ஸீட்காரர் முகம் எப்படி ஆகுமோ, அப்படி. அதற்குப் பக்கத்திலேயே அதன் தம்பி. இவன் மஞ்சள் மூஞ்சி. கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு, வாயிலிருந்து பச்சையாகக் கொட்டிக்கொண்டிருப்பான். அண்ணன் 'வருது, வருது'. தம்பி 'வந்தே விட்டது'.

நம் வயதுக்காரர்கள் இந்த இரண்டு பேரையும் அநேகமாகத் தொடுவதில்லை. நமக்குக் கட்டை விரல், கூப்பிய கை, ரோஜாப்பூ போதும். காலை வணக்கத்திலிருந்து கருமாதி வரைக்கும் அதிலேயே முடித்துவிடுவோம். ஆனால், இருபது வயதுப் பிள்ளைகளின் செல்போனில் இந்த அண்ணன் தம்பிக்கு ஓய்வே கிடையாது.

என் அண்ணன் மகள் சென்னையில் கல்லூரி இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். பிறந்த நாளன்று புதுச் சுடிதாரில் ஒரு போட்டோ எடுத்துத் தோழிகளுக்கு அனுப்பியிருந்தாள். பதிலுக்கு வரிசையாக வாந்தி மூஞ்சிகள். "இதுக்கு என்னம்மா அர்த்தம்?" என்றேன்.

"இவங்க எல்லாம் என் பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சித்தப்பா. வெறும் ஹார்ட் போட்டிருக்காங்க பாருங்க, அவங்க சும்மா தெரிஞ்சவங்க."

பிறகு ஒரு அகராதியே சொன்னாள். காதலர்கள் இருவர் 'செல்லம், தங்கம்' என்று ஊரறியக் கொஞ்சினால் வாந்தி மூஞ்சி. அர்த்தம்: 'போதும், அடங்குங்க.' ஒருவன் மொக்கை ஜோக் அடித்தால் வாந்தி மூஞ்சி. அர்த்தம்: 'சிரிச்சுட்டேன், ஆனா ஒத்துக்க மாட்டேன்.' திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு ஸ்பெஷல் க்ளாஸ் என்று தகவல் வந்தால் பச்சை மூஞ்சி. ஹாஸ்டலில் மறுபடியும் உப்புமா என்றால் இரண்டும் சேர்த்து. முன்பின் தெரியாதவன் எவனாவது 'ஹாய் டியர்' என்று ஆரம்பித்தாலும் அதே மூஞ்சிதான். "அதை மட்டும் நிஜமாவே போடுவேன் சித்தப்பா. போட்டுட்டு ப்ளாக் பண்ணிடுவேன்."

எனக்கு இது புரிந்தது. நான் படித்தது பி.காம். ஆயிரம் ரூபாய் என்று ஒரு தொகையைக் காட்டி 'இது லாபமா, நஷ்டமா?' என்று கேட்டால் யாராலும் சொல்ல முடியாது. எந்தப் பக்கத்தில் எழுதியிருக்கிறது என்று பார்த்துத்தான் சொல்ல வேண்டும். மூஞ்சிக்கும் அதே கணக்குதான்.

இது ஒன்றும் புதிதும் இல்லை. நம்மிடம் 'ச்சீ' என்று ஒரு சொல் இருக்கிறது. பழைய சினிமாவில் கதாநாயகி முந்தானையைக் கடித்துக்கொண்டு "ச்சீ, போங்க!" என்றால், கதாநாயகன் போகவா செய்தான்? இன்னும் ஒரு அடி நெருங்கி வந்தான். அதே சொல்லை மாமியார், மருமகள் சமைத்ததை வாயில் வைத்துவிட்டுச் சொன்னால் அன்றைக்கு வீட்டில் அடுப்பு எரியாது. வித்தியாசம் சொல்லில் இல்லை. குரலில் இருக்கிறது.

எழுத்தில் குரல் கிடையாது. அந்தக் குறையைத் தீர்க்கத்தான் எமோஜியே வந்தது. அது ஜப்பானியச் சொல். 'எ' என்றால் படம், 'மோஜி' என்றால் எழுத்து. 1999-ல் ஜப்பானின் டோகோமோ செல்போன் கம்பெனிக்காக ஷிகேதகா குரிதா என்பவர் 176 குட்டிப் படங்களை உருவாக்கினார். நாலு வார்த்தைச் செய்தியில் அனுப்புகிறவரின் மனசு தெரியவில்லையே, அதைப் படத்தில் காட்டலாமே என்பதும் அதற்கு ஒரு காரணம். உலகம் முழுக்க எழுத்துகளுக்கு எண் கொடுக்கும் யூனிகோடு அமைப்பு, நம் பச்சை மூஞ்சியை 2016-லும், வாந்தி மூஞ்சியை 2017-லும் பட்டியலில் சேர்த்தது. குரலுக்குப் பதிலாக வந்த படம். கடைசியில், அந்தப் படத்தை என்ன குரலில் படிப்பது என்று நாம் முழித்துக்கொண்டிருக்கிறோம்.

2022 மே மாதம் வாட்ஸ்அப்பில் இன்னொரு வசதி வந்தது. ஒருவர் அனுப்பிய செய்தியை அழுத்தினால், அதன் காலடியிலேயே ஒரு மூஞ்சியை ஒட்டிவிட்டுப் போகலாம். முதலில் கொடுத்தது ஆறே ஆறு. கட்டை விரல், இதயம், சிரிப்பு, ஆச்சரியம், அழுகை, கூப்பிய கை. அருவருப்பு அதில் இல்லை. இரண்டே மாதத்தில், ஜூலையில், எதை வேண்டுமானாலும் ஒட்டலாம் என்று திறந்துவிட்டார்கள். அதற்கு முன்பு திட்டுவதென்றாலும் தனியாக ஒரு பதிலாவது அனுப்ப வேண்டும். இப்போது அதுவும் வேண்டாம்.

இனி, அண்ணன் மகள் சொன்ன இன்னொரு விஷயம்.

அவள் வகுப்புக்கு ஒரு க்ரூப் இருக்கிறது. லீவு நாளில் அவரவர் வீட்டுச் சாப்பாட்டைப் போட்டோ எடுத்துப் போடுவார்கள். பிரியாணி, பனீர், பூரி மசால் என்று வரிசையாக வந்திருக்கிறது. நாகப்பட்டினம் பக்கம் கடலோர ஊரிலிருந்து வந்து ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பெண் ஒருத்தி, ஊருக்குப் போன இடத்தில் அம்மா வைத்த நெத்திலிக் கருவாட்டுக் குழம்பை மண்சட்டியோடு படம் எடுத்துப் போட்டிருக்கிறாள். ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. கீழே வரிசையாக வாந்தி மூஞ்சிகள். 'நாத்தம் இங்க வரைக்கும் வருது' என்று ஒரு வரி. அதற்கும் சிரிப்பு மூஞ்சிகள். ஒட்டியவர்களில் பாதிப் பேர் வஞ்சிரம் வறுவலுக்கு உயிரை விடுகிறவர்கள் என்பது வேறு விஷயம்.

அந்தப் பெண்ணும் பதிலுக்கு ஒரு சிரிப்பு மூஞ்சி போட்டாள். அரை மணி நேரத்தில் போட்டோ இருந்த இடத்தில் 'இந்த மெசேஜ் நீக்கப்பட்டது' என்று மட்டும் இருந்தது. லீவு முடிந்து ஊரிலிருந்து வரும்போது எப்போதும் ஒரு பாட்டிலில் கருவாட்டுத் தொக்கு கொண்டுவருவாளாம். அந்தத் தடவை கொண்டுவரவில்லை.

"கேலிதானே சித்தப்பா? என் பர்த்டே போட்டோவுக்கும் இவங்கதானே போட்டாங்க?" என்றாள் அண்ணன் மகள்.

நியாயமான கேள்வி. அதே ஆட்கள், அதே மூஞ்சி. பின் எங்கே வித்தியாசம்?

டார்வின் இந்த அருவருப்பைப் பற்றி எழுதியிருக்கிறார். 1872-ல் வந்த அவருடைய புத்தகத்தில் ஒரு சம்பவம் இருக்கிறது. தென் அமெரிக்காவின் தெற்குக் கோடியில் உள்ள டியரா டெல் ஃபியூகோவில், அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த பதப்படுத்திய இறைச்சியை உள்ளூர்க்காரர் ஒருவர் விரலால் தொட்டுப் பார்த்தார். கொழகொழவென்று இருந்ததில் அவருக்கு அருவருப்பு. அவர் தொட்டுவிட்டாரே என்று டார்வினுக்கு அருவருப்பு. அந்த ஆளின் கையில் அழுக்கு எதுவும் தெரியவில்லை என்பதையும் டார்வினே எழுதுகிறார். கவனியுங்கள். உள்ளூர்க்காரருக்கு இறைச்சிதான் பிடிக்கவில்லை. டார்வினுக்கு ஆளையே பிடிக்கவில்லை.

அமெரிக்காவில் பால் ரோஸின் என்ற உளவியல் பேராசிரியரும் சக ஆய்வாளர்களும் 1986-ல் ஒரு சோதனையை வெளியிட்டார்கள். கிருமி நீக்கிய செத்த கரப்பான் பூச்சியை ஜூஸில் லேசாக முக்கி எடுத்துவிட்டுக் குடிக்கச் சொன்னார்கள். கிருமி இல்லை என்று தெரிந்தும் பலருக்கு அந்த ஜூஸ் வேண்டாம் என்றாகிவிட்டது. அருவருப்புக்கு சோப்பும் புரியாது, விஞ்ஞானமும் புரியாது. தொட்டால் ஒட்டிக்கொள்ளும், அவ்வளவுதான் அதற்குத் தெரியும். நம் ஊருக்குக் கரப்பான் பூச்சி தேவைப்படவில்லை. டீக்கடையில் கழுவிக் கவிழ்த்த கண்ணாடி டம்ளரையே சிலருக்குத் தனியாக எடுத்துவைத்த இரட்டைக் குவளை இதே கணக்குதான்.

தொல்காப்பியர் மெய்ப்பாடுகள் எட்டில் ஒன்றாக 'இளிவரல்' என்பதைச் சொல்கிறார். அது பிறக்கும் இடங்களும் நான்கு: மூப்பு, பிணி, வருத்தம், மென்மை. நாற்றம், அழுகல், புழு எதுவும் பட்டியலில் இல்லை. நான்கும் மனிதனின் தாழ்ந்த நிலைகள். இன்னொன்றும் உண்டு. இளிவரல் என்றால் அருவருப்பு என்றும் பொருள், இழிவு என்றும் பொருள். ஒருவருக்கு வருகிற குமட்டலுக்கும், அதைப் பார்த்து மற்றவர் கூனிக் குறுகுவதற்கும் ஒரே சொல்.

கோபம் எவ்வளவோ தேவலை. கோபமாக ஒருவர் நாலு வரி எழுதினால், நாமும் நாலு வரி எழுதலாம். வாதம் பண்ணலாம், வருத்தம் தெரிவிக்கலாம். வாந்திக்கு என்ன பதில் எழுதுவது? 'எங்கம்மா குழம்பு நாறாது' என்றா? அதை எழுத ஆரம்பித்தாலே தோற்றாயிற்று.

அண்ணன் மகளிடம் ஒன்று கேட்டேன். "உங்க வீட்டுச் சாப்பாட்டுக்கு அந்தப் பொண்ணு இதே மூஞ்சியை ஒட்டியிருப்பாளா?"

யோசித்தாள். "மாட்டா."

"ஏன்?"

"போட முடியாது சித்தப்பா."

அதுதான் வித்தியாசம். பிறந்த நாள் போட்டோவுக்கு வந்த மூஞ்சியை அவள் திருப்பி அனுப்பலாம். அவளும் அனுப்புவாள், எல்லோரும் சிரிப்பார்கள். அது "ச்சீ, போங்க". மண்சட்டிக்கு வந்ததை அந்தப் பெண்ணால் திருப்பி அனுப்ப முடியாது. அது டீக்கடை டம்ளர்.

ஆகவே, உங்கள் வீட்டுப் பிள்ளையின் போனைப் பிடுங்காதீர்கள். 'இந்தக் காலத்துப் பசங்க' என்று ஆரம்பிக்கவும் வேண்டாம். அசைவம் சாப்பிடுகிறவர்களுக்கு வீடு இல்லை என்று பலகை மாட்டியது பசங்க இல்லை, நாம்தான். இந்த ஒரு கேள்வியை மட்டும் சொல்லி வையுங்கள். 'அவங்க இதைத் திருப்பி உனக்குப் போட முடியுமா?' முடியும் என்றால் தாராளமாகப் போடட்டும். மொக்கை ஜோக்குக்கும் உப்புமாவுக்கும் அதைவிடப் பொருத்தமான மூஞ்சி கிடையாது.

இந்தக் கட்டுரைக்கும் நீங்கள் போடலாம். எனக்குத் திருப்பிப் போடத் தெரியும்.