காளான் அறைக்கு ஒரு மின் வரைபடம்

மறைமலை நகரில் கைதேர்ந்த எலக்ட்ரீஷியனைத் தேடி அலைய வேண்டியதில்லை. சென்னைக்குத் துணை நகரமாகத் திட்டமிடப்பட்ட ஊர் இது. ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே போய்ச் சிங்கப்பெருமாள் கோயிலில் திரும்பினால் ஒரகடம், அதற்கப்பால் திருப்பெரும்புதூர் என்று வழிநெடுகத் தொழிற்சாலைகள். ஐ.டி.ஐ.யில் இரண்டாண்டு படித்துவிட்டு வரும் பையன்கள் அங்கே பேனல் போர்டு முன்னால் நின்று தொழில் பழகுகிறார்கள். ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்தப்போவதாக 2021 செப்டம்பரில் அறிவித்தது. மறுவருடம் இங்குள்ள அதன் ஆலை ஓய்ந்தது. அதன்பின் ஊரில் பலருடைய பிழைப்பு திசை மாறியது. ஆலையில் கற்ற கைவேலை வீடுகளுக்குள் வந்தது.

நான் பார்க்கப் போனவர் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றின் பராமரிப்புப் பிரிவில் நீண்டகாலம் இருந்தவர். இப்போது வீட்டு வயரிங் செய்கிறார். பெயர் போட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். அன்றைய வேலை ஒரு வீட்டு மொட்டை மாடி அறை. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும். காட்டுப்பாக்கம் வேளாண் அறிவியல் நிலையத்தில் காளான் பயிற்சி எடுத்த அந்த வீட்டு அம்மா, அதில் சிப்பிக் காளான் வளர்க்கத் தீர்மானித்திருந்தார்.

நோட்டைப் பிரித்ததும் அவர் கேட்ட முதல் கேள்வியில் மின்சாரமே இல்லை.

“வருசம் பூரா சிப்பிக் காளான்தானாம்மா, இல்ல வெயில் காலத்துல மாத்துவீங்களா?”

காரணம் இருக்கிறது. சிப்பிக் காளானுக்கு இருபது முதல் இருபத்தெட்டு டிகிரி வேண்டும். செங்கல்பட்டுப் பக்கத்துச் சித்திரை வெயிலில் அதை வளர்க்க ஏசி இல்லாமல் முடியாது. பால் காளானோ முப்பது, முப்பத்தைந்து டிகிரியில் செழிப்பாக வரும். நம் சமவெளிக்கென்றே தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் 1998-இல் ஏ.பி.கே. 2 என்ற பால் காளான் ரகத்தை வெளியிட்டது. கோடையில் பால் காளான், மற்ற மாதங்களில் சிப்பிக் காளான் என்று பயிரை மாற்றினால் ஏசி ஓடும் நேரம் பெருமளவு குறையும். இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், பயிர்த் தேர்வு கரண்ட் பில்லையும் சேர்த்தே தீர்மானிக்கிறது. அந்த அம்மா யோசித்துச் சம்மதித்தார். ஆனாலும் ஏசி லைனை இப்போதே இழுத்துவிடுவது என்று முடிவாயிற்று.

பிறகு லோடு கணக்கு. பனிப்புகை போடும் ஃபாகர் 300 வாட், தண்ணீர் பம்பு 60, காற்றை உள்ளே தள்ள ஒன்றும் வெளியே இழுக்க ஒன்றுமாக இரண்டு ஃபேன் 90, எல்.இ.டி. டியூப் நான்கு 80. இதுவரை 530 வாட்தான். ஏசிக்கு 1,700. வைக்கோல் வேகவைக்கும் ஹீட்டர் டிரம்முக்கு 3,000. எல்லாம் சேர்த்து 5,230 வாட். அதை 230 வோல்ட்டால் வகுத்து, “இருபத்திமூணு ஆம்பியர் கிட்ட வருது. கீழ வீட்டு லோடு தனி” என்றார். ஒற்றை பேஸில் வரும் பழைய இணைப்புக்கு இது பெரும் பாரம்.

இங்கேதான் அவருடைய தொழிற்சாலைப் பழக்கம் கைகொடுத்தது. வைக்கோல் வேகவைப்பது என்றோ ஒரு நாள் காலையில் நடக்கும் வேலை. அந்த நேரத்தில் ஏசி ஓய்வெடுக்கலாம். ஆகவே ஒரு காண்டாக்டரைப் போட்டு, டிரம் ஓடும்போது ஏசிக்குக் கரண்ட் போகாதபடி இன்டர்லாக் வைத்தார். அதனால் உச்ச லோடு 3,530 வாட்டாக, அதாவது பதினைந்து ஆம்பியர் சொச்சமாக இறங்கியது. மெயின் வயரை மாற்றும் செலவு மிச்சமாயிற்று.

நோட்டில் நான்கு சர்க்யூட்டுகள் உருவாயின. டியூப்லைட்டுக்கு 1.5 சதுர மில்லிமீட்டர் வயரும் 6 ஆம்பியர் எம்.சி.பி.யும். ஃபாகர், பம்பு, ஃபேன்களுக்கு 2.5 வயர். டிரம்முக்கும் ஏசிக்கும் தனித்தனியாக 4 வயர், 20 ஆம்பியர். ஏசி கம்ப்ரசர் கிளம்பும்போது ஒரு நொடி கரண்டை அதிகமாக இழுக்கும். அதைத் தாங்கி நிற்க சி வகை எம்.சி.பி. வேண்டும். எம்.சி.பி. காப்பது வயரைத்தான், வயருக்குப் பொருத்தமில்லாத பெரிய எம்.சி.பி.யைப் போட்டால் வயர் வெந்த பிறகும் அது விழாமல் நிற்கும். உதவிக்கு வந்த பையனிடம் இதை அவர் திரும்பத் திரும்பச் சொன்னார்.

ஆம்பியர் கணக்கு இதோடு முடிந்தது. ஈரத்தின் கணக்கு அதைவிடச் சிக்கலானது. காளான் அறையில் ஈரப்பதம் எண்பத்தைந்து, தொண்ணூறு சதவீதம் இருக்க வேண்டும். சுவர் வேர்க்கும், டியூப்லைட் மூடி வேர்க்கும். அதனால் சுவிட்சு, டைமர், பிளக்கு எல்லாம் அறைக்கு வெளியே ஒரு பெட்டியில். உள்ளே போவது தண்ணீர் புகாத விளக்கும் மெஷின்களின் கேபிளும் மட்டும். அந்தக் கேபிளும் பெட்டிக்குள் மேலிருந்து இறங்கவில்லை. ஒரு வளைவு கீழே தொங்கி, அடியிலிருந்து கிளாண்ட் வழியாக ஏறுகிறது. கேபிளில் வழியும் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும்.

பெரும்பாலானோர் கோட்டைவிடும் இடம் ஒன்றை அவர் காட்டினார். வயர் போகும் பி.வி.சி. பைப்பும் ஒரு காற்று வழிதான். அறையின் ஈரக் காற்று அதன் வழியாக நகர்ந்து, வெளியே எம்.சி.பி.கள் இருக்கும் டி.பி. பெட்டிக்கு வரும். பெட்டி அறையைவிடக் குளிர்ந்திருக்கும் இரவில், பானகச் சொம்பின் மேல் வேர்ப்பதுபோல் எம்.சி.பி.யின் மேல் நீர் கோக்கும். ஸ்க்ரூவில் பச்சை பூக்கும், இணைப்பு தளரும், தளர்ந்த இடம் சுடும். ஆகவே வயர்களை இழுத்து முடித்ததும், பைப்பின் வாயைச் சீலன்ட் வைத்து அடைத்தார். விரலால் அழுத்தி, டார்ச் அடித்து, வயர்களுக்கு நடுவே இடைவெளி இருக்கிறதா என்று பார்த்து மறுபடி அடைத்தார். அரை மணி நேரம் போயிற்று. பூசி முடித்தபின் இந்த வேலை யார் கண்ணிலும் படாது.

அறைக்கென்று தனியாக 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. வைத்தார். பேஸில் போகும் கரண்டும் நியூட்ரலில் திரும்பும் கரண்டும் சமமாக இல்லாவிட்டால் கண் இமைப்பதற்குள் அறுத்துவிடும் கருவி அது. மாடியில் ஈரக் கசிவால் அது விழுந்தாலும் கீழே ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். ஆனால் அதன் நியூட்ரல் வீட்டின் வேறு நியூட்ரலோடு எங்கும் சேரக்கூடாது. சேர்ந்தால் காரணமில்லாமல் விழுந்துகொண்டே இருக்கும். தொல்லை தாங்காமல் ஆர்.சி.சி.பி.யையே கழற்றி எறிகிறார்கள். “அந்த மாதிரி வீட்டுலதான் சார் சாவு விழுது” என்றார்.

எர்த் சோதனைதான் எனக்கு அதிர்ச்சி தந்தது. மாடி பிளக்கில் மூன்றாவது ஓட்டையில் பச்சை வயர் இருந்தது; மறுமுனை எங்கும் சேரவில்லை, சுவருக்குள்ளேயே துண்டாக முடிந்திருந்தது. வீட்டின் பக்கவாட்டில் புதிதாகக் குழி தோண்டி, ஜி.ஐ. பைப் இறக்கி, கரியும் உப்பும் மாற்றி மாற்றிப் போட்டு, அங்கிருந்து மாடிக்குத் தனி எர்த் இழுத்தார்கள். கடைசியாக மெகரால் ஒவ்வொரு லைனின் காப்பையும் சோதித்து, அளவை நோட்டில் குறித்தார்.

காற்றோட்டம் நின்றால் கார்பன் டை ஆக்சைடு கூடி, சிப்பிக் காளானின் தண்டு நீண்டு தலை சிறுத்துவிடும் என்றார் அந்த அம்மா. உடனே எலக்ட்ரீஷியன் ஃபேன் லைனை மட்டும் வீட்டு இன்வெர்ட்டருக்கு மாற்றினார். 90 வாட்தானே, மின்வெட்டிலும் ஓடும். வளர்ப்பவரின் அறிவும் வயர்மேனின் அறிவும் ஒரே தாளில் சந்தித்த இடம் அது. வரைபடத்தை இரண்டு பிரதி எழுதி, ஒன்றை டி.பி. கதவின் உள்பக்கம் ஒட்டினார்.

ஆனால் கூலி? பாயிண்டுக்கு இவ்வளவு என்பதுதான் ஊர் வழக்கம். வரைந்ததற்கும் கணக்குப் போட்டதற்கும் பைப் வாயை அடைத்ததற்கும் பாயிண்ட் கிடையாது. ஆலைகளில் வரைபடம் இல்லாமல் எந்தப் பேனலையும் தொட விடமாட்டார்கள். அதைத் தயாரிப்பவருக்குச் சம்பளம் உண்டு. அதே மனிதர் நம் வீட்டுக்கு வந்தால் யோசிக்கும் நேரம் இனாமாகிவிடுகிறது. யோசிக்காமல் வேகமாக முடிப்பவருக்கே இந்த வழக்கம் லாபம் தருகிறது. துண்டாக முடிந்த அந்தப் பச்சை வயரும் எவரோ வேகமாக முடித்த வேலைதான்.

வீட்டில் காளானோ கீரையோ வளர்க்க அறை கட்டுகிறவர்கள் ரேக்கும் விளக்கும் வாங்குவதற்கு முன், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் சான்று பெற்ற வயர்மேன் ஒருவரை உட்காரவைத்து, லோடு கணக்கையும் வரைபடத்தையும் எழுதி வாங்க வேண்டும். அந்தத் தாளுக்குத் தனியாகப் பணம் கொடுக்க வேண்டும். தண்ணீரும் மின்சாரமும் ஒரே அறையில் இருக்கப்போகின்றன; இரண்டையும் பிரித்து வைப்பது அந்தத் தாள்தான்.