யெஸ்டி சூடேறாதிருக்க...

எங்கள் வீட்டில் யெஸ்டி ரோட்கிங் ஒன்று உண்டு. திருநெல்வேலிச் சீமையிலிருந்து பிழைப்பின் நிமித்தம் மைசூருவுக்கு வந்த என் தகப்பனார் விட்டுச்சென்ற சொத்து அது. இவ்வூர் யாதவகிரியில் இயங்கி, 1996-ல் மூடப்பட்ட ஐடியல் ஜாவா தொழிற்சாலையில் உருவானது. உதகையில் நடக்கவிருக்கும் அத்தை வீட்டுத் திருமணத்திற்கு அதிலேயே போவேன் என்கிறான் என் மகன்.

குண்டலுப்பேட்டையைத் தாண்டினால் பந்திப்பூர், முதுமலைக் காடுகள். யானைகள் நடமாடும் அச்சாலையில் வண்டியை நிறுத்தலாகாது. சூடேறிய இன்ஜினை ஆறவிடவும் வழியில்லை. கூடலூருக்குப் பின்னரோ மலையேற்றம். ஆகையால் அவனை அருகில் உட்காரவைத்துப் பேசினேன்.

"வெயிலுக்கு முன் கிளம்பினால் போதாதா, அப்பா?" என்றான்.

வெயில் சிறு காரணமே, பிரியமானவர்களே. 2022-ல் வெளிவந்த புதிய யெஸ்டிக்கு ரேடியேட்டர் உண்டு. பழையதற்குக் காற்றே துணை. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகடுகளில் சேறும் எண்ணெய்ப்பிசுக்கும் அப்பியிருந்தால் அந்தத் துணையும் போய்விடும். பிஸ்டன் அலுமினியம், சிலிண்டர் வார்ப்பிரும்பு. ஒரே சூட்டில் அலுமினியம் ஏறக்குறைய இருமடங்கு விரிகிறது. சூடு மிஞ்சினால் பிஸ்டன் சிலிண்டரைப் பற்றிக்கொள்ளும். பின்சக்கரம் ஓட்டத்திலேயே பூட்டிக்கொள்ளும்.

பிஸ்டனுக்கு எண்ணெய் கிடைப்பது பெட்ரோலோடு கலந்து மட்டுமே. லிட்டருக்கு 40 மில்லி டூ-டி ஆயில் என்பது என் தகப்பனாரின் கணக்கு. ஆயிலை முதலில் ஊற்றி, அதன்மேல் பெட்ரோல் நிரப்பி, வண்டியை நன்கு குலுக்க வேண்டும். பயத்தினால் ஆயிலை அள்ளி ஊற்றுவோரும் உண்டு. அப்போது அதே ஜெட் வழியாகப் பெட்ரோல் குறைவாகவே செல்லும். சூடு கூடும், கரியும் படியும். கரி அடைத்த சைலன்சரும் சூட்டை உள்ளேயே நிறுத்தும். கார்புரேட்டர் இணைப்பில் காற்றுக் கசிந்தாலும், டைமிங் பிசகினாலும் இதே கதிதான். பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் தெரிந்துவிடும்: இளம்பழுப்பு நிறம் நலம், வெளுத்திருந்தால் புறப்படவே கூடாது.

ஏற்றத்தை எல்லாரும் அஞ்சுகிறார்கள். நான் அதிகம் அஞ்சுவது இறக்கத்தை. ஆக்ஸிலேட்டரை முழுதும் மூடி, கியரிலேயே வண்டியை இறக்கினால் இன்ஜின் வேகமாகச் சுழலும். பெட்ரோலோ ஏறக்குறைய நின்றுவிடும், அதனுடன் எண்ணெயும். கூடலூர் இறக்கம் நீண்டது. அவ்வப்போது கிளட்சைப் பிடித்து ஆக்ஸிலேட்டரைச் சற்றுத் திருகிவிட வேண்டும். இதை அவனுக்கு மூன்று முறை சொன்னேன். மூன்றாம் முறை சிரித்தான்.

இழுவை திடீரெனக் குறைந்து, யாரோ பிரேக் பிடிப்பதுபோல் தோன்றினால், யோசிக்காமல் கிளட்சைப் பிடித்து ஓரங்கட்ட வேண்டும். சுடும் சிலிண்டர்மேல் தண்ணீர் ஊற்றினால் வார்ப்பிரும்பு விரிசல் விடக்கூடும். அரைமணி நேரமாவது தானாக ஆறட்டும். ஆறியபின் ஸ்டார்ட் ஆகிவிட்டதே என்று பழைய வேகத்தில் ஓட்டலாகாது. பிஸ்டனில் கீறல் விழுந்திருக்கும். காட்டுக்குள் நுழையுமுன் குண்டலுப்பேட்டையில் நிறுத்தி ஆறவிடுவதாக வாக்குக் கொடுத்திருக்கிறான். பந்திப்பூர்ச் சாலை 2009 முதல் இரவு 9 மணிக்கு அடைபடுவதால், திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொண்டான்.

என் மனைவியோ, "பிள்ளை பேருந்தில் போகட்டும்" என்கிறாள். அதுவும் நியாயமே. முதலில் சைலன்சர்களைக் கழற்றிக் கரியை எடுக்கட்டும், பிளக் என்ன நிறம் காட்டுகிறதென்று பார்த்துச் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.