மூணு நூல் சேதாரம்

"தூங்குமூஞ்சியைப் போய்ப் பலகை போடறதாவது! அடுப்புல வெச்சாலே புகைஞ்சுக்கிட்டுக் கெடக்கும் சார் அது." சேலையூரில் அந்த வீட்டுத் தோட்டத்துக்குள் நுழைந்ததும் பெரியவர் என்னிடம் சொன்ன முதல் பேச்சு இது. செய்யாறு பக்கத்துக்காரர். நாற்பது வருஷமாகத் தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் மரம் வெட்டுகிறார். கோபம் மரத்தின் மேலா, அண்ணன் மகன் தோளில் சுமந்து வந்திருந்த அலுமினியச் சட்டத்தின் மேலா என்று எனக்கு அப்போது பிடிபடவில்லை.

மரம் சாய்ந்தது 2023 டிசம்பர் 4, மிக்ஜாம் புயல் மழையில். முடிச்சூர் பக்கமெல்லாம் வெள்ளத்தில் தவித்த அன்று இங்கே இது வேரோடு மதில்மேல் படுத்துவிட்டது. வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற டீச்சர். கிளைகளை விறகுக்குக் கொடுத்தவர், அடிமரத்தை மட்டும் விடவில்லை. ஒரு சாப்பாட்டு மேசை வேண்டும், அவ்வளவுதான் அவர் ஆசை. நான் போனது மே மாதக் கத்திரி வெயிலில். அதற்குள் வெளிப்புற வெள்ளைக்கட்டையை வண்டு சல்லடையாக்கியிருந்தது. உள்ளே வைரம் மட்டும் சாக்லேட் நிறத்தில் அப்படியே இருந்தது.

சா மில்லுக்குக் கொண்டுபோகலாமே என்றால், கிரேன் வாடகையும் லாரி வாடகையும் சேர்ந்தாலே புது மேசை வாங்கிவிடலாம். அதைவிடப் பெரிய தடை ஆணி. ஊருக்குள் வளர்ந்த மரம் என்றாலே மில்காரர்கள் தயங்குவார்கள். டியூஷன் போர்டு, வீட்டுமனை விளம்பரம், கேபிள் கொக்கி என்று எது உள்ளே கிடக்கிறதோ, பிளேடு போய்விடும் என்ற பயம். 2016 டிசம்பர் 12இல் வர்தா புயல் சென்னையில் ஆயிரக்கணக்கான மரங்களைச் சாய்த்தபோது, இரண்டு ஆள் கட்டிப்பிடிக்க வேண்டிய அடிமரங்களெல்லாம் ஜி.எஸ்.டி. ரோட்டோரம் அடுப்புக்கு ஏற்ற துண்டுகளாவதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அந்த உறுத்தல்தான் என்னை இந்தத் தோட்டத்துக்கு இழுத்து வந்தது.

மரத்தை மில்லுக்குக் கொண்டுபோக முடியாவிட்டால் மில்லை மரத்துக்குக் கொண்டுவருவது என்பதுதான் அண்ணன் மகனான அந்தத் தம்பியின் யோசனை. சாதாரண மரம் வெட்டும் மெஷின்தான், 72 சிசி. செயின் சுற்றும் அதன் 30 அங்குல பாரில் ஒரு சட்டத்தைப் பூட்டிவிட்டால், அது மரத்தின் மேல் தவழ்ந்துபோய் ஒரே கனத்தில் பலகை அறுக்கும். அமெரிக்காவில் இதற்கு அலாஸ்கன் மில் என்று பெயர். தம்பி வீடியோ பார்த்துக் கற்றுக்கொண்டவன். நிஜ மரத்தில் இதுதான் முதல் தடவை.

பெரியவர் முதலில் அளந்தார். சுற்றளவு 72 அங்குலம், நீளம் 8 அடி. "நாலுல ஒண்ணு பதினெட்டு. பதினெட்டைப் பதினெட்டால பெருக்கி, எட்டால பெருக்கி, நூத்தி நாப்பத்திநாலால வகு. பதினெட்டு கன அடி." மரக்கடைகளின் இந்தக் கணக்கு, 1736இல் எட்வர்டு ஹாப்பஸ் என்ற ஆங்கிலேயர் அச்சிட்ட அளவுப் புத்தகத்தால் அவர் பெயரிலேயே வழங்குகிறது. உருளைக்கான சரியான கணக்குப் போட்டால் ஏறக்குறைய 23 வரும். அந்த ஐந்து கன அடியும் பட்டைக்கும் சேதாரத்துக்கும் முன்கூட்டியே கழித்துக்கொண்டது.

உருண்டையான மரத்தில் சட்டம் தவழ முதலில் ஒரு சமதளம் வேண்டும். அதற்காக ஓர் அலுமினிய ஏணியை மேலே திருகி முடுக்கினார்கள். தம்பி போனை ஏணியின் நடுவில் வைத்து மட்டம் பார்த்தான். சரியென்றது போன். பெரியவர் இரண்டு நேர்க்குச்சிகளை எடுத்து, ஏணியின் இந்த முனையில் ஒன்றும் அந்த முனையில் ஒன்றும் குறுக்கே வைத்தார். குந்தி உட்கார்ந்து ஒற்றைக் கண்ணை மூடினார். "முறுக்கியிருக்குடா. அந்த முனையில வலப்பக்கம் ரெண்டு நூல் தூக்கு." நானும் குனிந்து பார்த்தேன். பின் குச்சி முன் குச்சியோடு ஒட்டாமல் ஒரு பக்கம் எட்டிப் பார்த்தது. ஏணிக்கு அடியில் ஆப்பைத் தட்டியதும் இரண்டும் ஒரே கோடாயின. முறுக்கலோடு அறுத்திருந்தால் முதல் பலகையில் தொடங்கி எல்லாப் பலகையும் முறுக்கிக்கொண்டே வந்திருக்கும்.

முதல் அறுப்பு படுதோல்வி. செயின் வழக்கமானது, குறுக்கே அறுக்க 30 டிகிரியில் அரம் போட்ட பல். நீளவாக்கில் கிழிக்கப் பல் 10 டிகிரிதான் இருக்க வேண்டும். மெஷின் அலறியது, புகைந்தது, நாலடிக்கு ஒரு டாங்க் பெட்ரோலைக் குடித்தது. அறுத்த முகம் தகரக் கூரை மாதிரி அலையலையாக இருந்தது. தூளில் நான் விடாமல் தும்மினேன். இரண்டு பேர் காதிலும் வெறும் பஞ்சு. முகக்கவசமோ நல்ல செருப்போகூட இல்லை. இதைப் பார்த்துக்கொண்டு நின்றது எனக்கு உவப்பாயில்லை, சொன்னேன், சிரித்தார்கள்.

பெரியவர் செயினைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு பல்லாக அரம் போட்டார். முக்கால் மணி நேரம். அப்போதுதான் பேச்சு வந்தது. அவர் அப்பா பள்ளம் வெட்டி மரம் அறுத்தவர். மேலே ஒருவர், பள்ளத்துக்குள் ஒருவர். மேலே நிற்பவர் கரித்தண்ணீரில் நனைத்து அடித்த நூல்கோட்டைப் பார்ப்பார். கீழே நிற்பவருக்கு நாள் முழுக்கக் கண்ணில் தூள். "எங்கப்பா கீழ் ஆளு. அவரு அறுத்தா ஒரு நூலுக்கு மேல சேதாரம் போவாது. இது மூணு நூலைத் திங்குது." எட்டு நூல் ஓர் அங்குலம். எட்டுப் பலகைக்கு இடையே ஏழு அறுப்பு. இரண்டரை அங்குலத்துக்கும் மேல் தூளாகவே போய்விடும், அதாவது ஒரு முழுப் பலகை. சட்டத்தின் மேல் அவருக்கிருந்த கோபம் எனக்கு அப்போதுதான் புரிந்தது.

இரண்டாம் அறுப்புக்கு முன் பட்டையைத் தடவிக்கொண்டே போய் நாலு இடத்தில் கரிக்கோடு போட்டார். பட்டை தொப்புள் மாதிரி உள்வாங்கியிருந்தால் உள்ளே இரும்பாம். கொத்திப் பார்த்ததில் மூன்று ஆணியும் ஒரு கொக்கியும் வந்தன. மெஷின் இந்தத் தடவை வெண்ணெயில் போவதுபோல் போனது. ஆறடி தாண்டியதும் படீரென்று பொறி. தழும்பே இல்லாத இடத்தில் ஒரு பெரிய ஆணி, சுற்றிலும் மரம் கருநீலமாகக் கறுத்திருந்தது.

"அய்யோ, துணிக்கொடி கட்டினோம்ப்பா, பெரியவன் கைக்குழந்தையா இருக்கறப்ப" என்றார் டீச்சர் திண்ணையிலிருந்து.

"இப்பச் சொல்றீங்களேம்மா" என்றபடி தம்பி செயினைத் தடவினான். ஐந்து பல் போயிருந்தது.

சாயங்காலத்துக்குள் இரண்டு அங்குலக் கனத்தில் மூன்று பலகைதான் தேறின. கருநீலக் கறை நடுப்பலகையில் விழுந்தது. அதுதான் மேசைக்கு வேண்டும் என்று டீச்சர் பிடித்துக்கொண்டார். அங்குலத்துக்கு ஒரு வருஷம் என்று நிழலில் காய வேண்டும். முனைகள் வெடிக்காமலிருக்க மெழுகு உருக்கிப் பூசலாம் என்றான் தம்பி. பெரியவர் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை. ஒரு பழைய பக்கெட்டைத் தூக்கிக்கொண்டு, "இந்தத் தெருவுல மாடு எந்தப் பக்கம் படுக்கும்?" என்று என்னிடம் கேட்டார்.