503-ம் ஃபயர்வால் அண்ணனும்

பொட்டி தட்டுற எல்லாருக்கும் மறக்க முடியாத ராத்திரி ஒண்ணு இருக்கும். எனக்கு அது 2020 மார்ச் முதல் வாரத்துல வந்துச்சு, ஊரடங்குக்குக் கொஞ்சம் முன்னாடி.

வேலைக்குச் சேர்ந்து ரெண்டு வருஷம்கூட ஆகலை. ஒரு கல்லூரியோட கட்டணம் கட்டுற தளம் எங்க டீம் பொறுப்பு. முன்னாடி ஒரு மெஷின்ல அப்பாச்சி, பின்னாடி இன்னொரு மெஷின்ல டாம்கேட். மாணவர்கள் அனுப்புறதை அப்பாச்சி வாங்கி, ஏ.ஜே.பி.ங்கிற பாஷையில, 8009 போர்ட் வழியா டாம்கேட்கிட்ட சொல்லும். அவ்ளோதான்.

அந்த பிப்ரவரியிலதான் டாம்கேட்ல 'கோஸ்ட்கேட்'னு ஒரு ஓட்டை வெளியே வந்திருந்துச்சு. 8009 போர்ட்டை எட்ட முடிஞ்சவன் யாரா இருந்தாலும் அப்ளிகேஷனுக்குள்ள இருக்கிற கோப்புகளைப் படிச்சிடலாம். "உடனே 9.0.31-க்கு மாத்து. நீயே தனியா பண்ணிடு"ன்னார் டேமேஜர். எனக்கு ஒரே பெருமை!

டெஸ்ட் மெஷின்ல மாத்தினா டாம்கேட் கிளம்பவே மாட்டேங்குது. "ரகசியச் சொல் குடு, இல்லாட்டி ஏ.ஜே.பி. கிடையாது"ன்னு லாக்ல ஒரே அடம். கூகுளாண்டவர்கிட்ட கேட்டேன். 'சீக்ரெட்ரிக்வயர்டு'ங்கிறதை ஃபால்ஸ் ஆக்குன்னார். ஆக்கினேன், ஓடிச்சு. ஏன் அப்படிக் கேட்டுச்சு, வேற என்ன மாறியிருக்குன்னு ஒரு வரிகூடப் படிக்கலை.

ராத்திரி 11 மணிக்கு நிஜ மெஷின்ல ஏத்தினேன். தளத்தைத் திறந்தா 503. மறுநாள்தான் கட்டணம் கட்டக் கடைசி நாள். வயித்துல புளி கரைக்கிறதுன்னா என்னன்னு அன்னிக்குத்தான் புரிஞ்சுது.

அப்பாச்சி லாக்ல 'கனெக்‌ஷன் ரெஃப்யூஸ்டு'. டாம்கேட்டை 8080-ல நேரா திறந்தா ஜம்முனு வருது. டெஸ்ட்லயும் ஓடிச்சு, இங்கயும் டாம்கேட் ஓடுது, அப்ப நடுவுல யாரோ மறிக்கிறாங்க. ஃபயர்வால்! பழைய வெர்ஷனுக்கே திரும்பலாம்னா ஓட்டையைத் தெரிஞ்சே திறந்து விட மனசு வரலை. உடனே ஒரு மெயில் தட்டினேன். "எங்கள் பக்கம் எல்லாம் சரி. நெட்வொர்க் டீம் 8009-ஐ அடைத்துவிட்டார்கள்." காப்பி டேமேஜருக்கு, க்ளையன்ட்டுக்கு, எல்லாருக்கும்.

பன்னெண்டரைக்கு ஃபோன். நெட்வொர்க் டீம் சீனியர் அண்ணன். பின்னாடி கைக்குழந்தை அழுகிற சத்தம். திட்டப் போறார்னு நினைச்சேன்.

"தம்பி, வெப் மெஷின்ல இருந்து 8009-க்கு டெல்நெட் அடி. உடனே முடியாதுங்குதா, இல்ல ரொம்ப நேரம் சும்மா நிக்குதா?"

"உடனே ரெஃப்யூஸ்டுன்னு வருதுண்ணே."

"நம்ம ஃபயர்வால் மறிச்சா பதிலே வராது, அப்படியே தொங்கும். உடனே பதில் வருதுன்னா வீடு வரைக்கும் போயிட்டே, உள்ள அந்தக் கதவுல ஆள் இல்லைன்னு அர்த்தம். டாம்கேட் மெஷின்ல 8009 எந்த அட்ரஸ்ல நிக்குதுன்னு பாரு."

பார்த்தேன். 127.0.0.1. அதாவது அதே மெஷின்ல இருந்து கூப்பிட்டா மட்டும்தான் திறக்கும். 9.0.31-ல இருந்து அட்ரஸ் குடுக்கலைன்னா ஏ.ஜே.பி. இப்படித்தான் நிக்கும். கோஸ்ட்கேட்டுக்காகவே வச்ச பூட்டு அது. டெஸ்ட்ல அப்பாச்சியும் டாம்கேட்டும் ஒரே மெஷின்ல இருந்ததால தெரியவே இல்லை. அவ்வ்வ்வ்!

டாம்கேட்ல உள் ஐ.பி. அட்ரஸைக் குடுத்து ரீஸ்டார்ட் பண்ணினேன். மறுபடி 503! மாத்தினதை அழிக்கக் கை போயிடுச்சு. "ஒரு நிமிஷம் பொறு"ன்னார். அப்பாச்சி ஒரு தடவை தோத்துட்டா, அடுத்த 60 செகண்டுக்கு அந்தப் பக்கமே எட்டிப் பார்க்காதாம். வேணும்னா அப்பாச்சியை ரீஸ்டார்ட் பண்ணணுமாம். பொறுத்தேன். வந்துடுச்சு.

"ரகசியச் சொல்லை எடுத்துட்டியா?"ன்னு கேட்டார். ஆமான்னேன். எங்க அப்பாச்சியில ஏ.ஜே.பி. ப்ராக்ஸிக்கு அப்ப அந்த வசதியே இல்லை, 2.4.42-லதான் வந்துச்சு. அதுவரைக்கும் வெப் மெஷினைத் தவிர வேற யாரும் 8009-ஐத் தொடாதபடி அவர்தான் ஃபயர்வால்ல விதி போட்டார். எந்த ஃபயர்வால் மேல பழி போட்டேனோ, அதுதான் அன்னிக்கு எங்களைக் காப்பாத்துச்சு.

போனை வைக்கிறப்ப மெயிலைப் பத்தி அவர் ஒரு வார்த்தை சொல்லலை. அதுதான் ரொம்ப உறுத்துச்சு. "தப்பு என்னுடையது, நெட்வொர்க் டீம் மீது தவறில்லை"ன்னு அதே எல்லாருக்கும் காப்பி போட்டு அனுப்பினப்ப மணி ரெண்டு. சென்ட் அழுத்த பத்து நிமிஷம் ஆச்சு. பதில் ஒரே வரியில வந்துச்சு: "தூங்கு தம்பி."

இப்ப என் டீம்ல புதுசா வந்த பசங்க "ஃபயர்வால்தான் ப்ரோ"ன்னு ஓடி வருவாங்க. நான் ஒண்ணுதான் கேட்பேன். "உடனே பதில் வந்துச்சா, தொங்குச்சா?" அதுக்குப் பதில் தெரியாம யார் பேரையும் மெயில்ல போடக்கூடாதுங்கிறது எங்க டீம் சட்டம். போட்டவன் யாருன்னு அவங்களுக்கு இன்னும் தெரியாது :-)